கிரான்வெல் அரச வான்படைக் கல்லூரி

கிரான்வெல் அரச வான்படைக் கல்லூரி ஐக்கிய இராச்சியத்தின் வான்படை அதிகாரிகளுக்கான பயிற்சிக் கல்லூரி ஆகும். இது இங்கிலாந்தின் லிங்கன்சயர் மாவட்டத்தில் ஸ்லீஃபோர்ட் நகருக்கு அருகில் அமைந்துள்ளது. 1920 பெப்ரவரி 5 அன்று தொடங்கப்பட்ட இக்கல்லூரி, உலகின் முதல் வான்படைக் கல்லூரியாகக் கருதப்படுகிறது. இந்திய வான்படையின் முதல் விமானிகளும் இங்குதான் பயிற்சி பெற்றனர்.

தோற்றம்

முதலாம் உலகப் போரின்போது பிரித்தானியக் கடற்படை தன் விமானிகளுக்காகக் கிரான்வெல்லில் ஒரு பயிற்சித் தளத்தை அமைத்தது. தளம் தரையில் இருந்தாலும், அங்கிருந்த கடற்படையினர் டெடலஸ் என்ற கப்பலின் பதிவேட்டில் இடம்பெற்றிருந்தனர். 1918 ஏப்ரல் 1 அன்று அரச வான்படை தனிப் படையாக உருவானபோது தளம் அதன் கைக்கு வந்தது.

போர் முடிந்ததும், புதிய படையைக் கலைத்துத் தரைப்படைக்கும் கடற்படைக்கும் பிரித்துக் கொடுக்கவேண்டும் என்ற குரல்கள் எழுந்தன. வான்படைத் தலைவராக இருந்த ஹியூ டிரென்சார்ட் இதை எதிர்த்தார். சொந்தக் கல்லூரியில் வளர்ந்த அதிகாரிகள் இருந்தால்தான் படை நிலைக்கும் என்பது அவர் கருத்து. நகரங்களிலிருந்து ஒதுங்கிய இடமாக இருந்ததையும் அவர் ஒரு நன்மையாகவே கண்டார். தொடக்க ஆண்டுகளில் மாணவர்கள் கடற்படை விட்டுச்சென்ற குடில்களிலேயே தங்கினர். அவர்கள் கார் வைத்திருக்க அனுமதி இல்லை. மோட்டார் சைக்கிளுக்குத் தடை இல்லை.

இன்று கல்லூரியின் அடையாளமாக விளங்கும், மாடத்துடன் கூடிய செங்கல் கட்டடமான கல்லூரி மண்டபம் 1934 அக்டோபரில்தான் திறந்துவைக்கப்பட்டது.

விட்டிலும் தாரை இயந்திரமும்

தொழில்நுட்பப் பயிற்சியாளராகச் சேரும் சிறுவர்களுள் மிகச் சிறந்த சிலருக்குக் கல்லூரியில் இடம் கொடுத்து அதிகாரிகளாக்கும் வழியையும் டிரென்சார்ட் திறந்துவைத்தார். வர்க்க வேறுபாடு ஊறிப்போன அக்காலப் பிரித்தானியாவில் இது சிறிய செய்தி அன்று. அவ்வழியில் 1926இல் கல்லூரிக்குள் நுழைந்தவர் பிராங்க் விட்டில். உயரம் போதாது என்று முதலில் வான்படையால் திருப்பி அனுப்பப்பட்டவர் அவர்.

மாணவர்கள் ஆய்வுக் கட்டுரை எழுதுவது வழக்கமாக இருந்தது. 1928இல் விட்டில் எழுதிய கட்டுரை விமான வடிவமைப்பின் எதிர்காலத்தைப் பற்றியது. மிக உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் இழுவை குறையும். ஆகவே விமானம் வேகமாகவும் நெடுந்தொலைவும் பறக்கலாம். ஆனால் அதே மெலிந்த காற்றில் பிஸ்டன் இயந்திரம் வலுவிழக்கும். எனவே வேறு வகை இயந்திரம் தேவை என்று அவர் வாதிட்டார். கட்டுரையில் அவர் ஆராய்ந்தவை ஏவூர்திமுறையும், விசிறியைச் சுழற்றும் வளிமச் சுழலியும் ஆகும். சுழலியிலிருந்து பீறிடும் வளிமத்தையே நேரடியாக உந்துவிசையாகப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் அவருக்கு 1929இல் தோன்றியது. 1930 சனவரியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

அவ்வியந்திரத்தைப் பொருத்திய குளோஸ்டர் விமானம் 1941 மே 15 மாலை கிரான்வெல் ஓடுதளத்திலிருந்தே எழும்பி, 17 நிமிடங்கள் பறந்தது. ஜெர்மனியின் ஹெயின்கெல் விமானம் 1939 ஆகத்தில் பறந்துவிட்டதால் இது உலகின் முதல் தாரை விமானம் அல்ல. பிரித்தானியாவின் முதலாவது ஆகும்.

இந்திய மாணவர்கள்

இந்தியர்கள் அதிகாரிகளாக இருந்து விமானம் ஓட்டத் தகுதியுடையவர்களா என்ற ஐயம் ஆட்சியாளர்களிடம் நிலவியது. அவர்களைக் கிரான்வெல்லில் சேர்க்கலாம் என 1920களில் ஆண்ட்ரூ ஸ்கீன் தலைமையிலான குழு பரிந்துரைத்தது. 1930இல் முதல் இந்திய மாணவர்கள் சேர்ந்தனர். அவர்களுள் ஐவர் விமானிகளாகத் தேறினர். இந்திய வான்படை தோற்றுவிக்கப்பட்ட 1932 அக்டோபர் 8 அன்றே அவர்கள் அதிகாரிகளாக நியமிக்கப்பட்டனர். அடுத்த ஆண்டு ஏப்ரல் 1 அன்று கராச்சியில் நான்கு வப்பிட்டி விமானங்களுடன் முதலாம் படைப்பிரிவு அமைந்தது.

அந்த ஐவருள் ஒருவரான சுப்ரதோ முகர்ஜி 1954இல் இந்திய வான்படையின் முதல் இந்தியத் தலைவரானார். அவருக்குப் பின் வந்த அஸ்பி எஞ்சினியர், அர்ஜன் சிங் ஆகியோரும் கிரான்வெல் மாணவர்களே. அர்ஜன் சிங் படித்துக்கொண்டிருந்தபோது இரண்டாம் உலகப் போர் மூண்டது. அவர் 1939 திசம்பரில் அதிகாரியானார்.

மரபுகள்

தரைப்படைக்கும் கடற்படைக்கும் நூற்றாண்டுகள் பழமையான மரபுகள் இருந்தன. வான்படையோ தன் மரபுகளைத் தானே உருவாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. கல்லூரியின் இலத்தீன் குறிக்கோள் 'சுபெர்னா பெதிமுஸ்' என்பதாகும். உயர்ந்தவற்றை நாடுகிறோம் என்பது இதன் பொருள்.

தலைசிறந்த மாணவருக்குக் கௌரவ வாள் வழங்கப்பட்டது. பின்னாளில் இரு கால்களையும் இழந்தும் போர் விமானியாகப் புகழ்பெற்ற டக்ளஸ் பேடர், 1930இல் இவ்வாளைச் சிறு வேறுபாட்டில் தவறவிட்டார். பயிற்சி நிறைவு அணிவகுப்பின் முடிவில் தேறியோர் மெதுநடையில் படிகளில் ஏறிக் கல்லூரி மண்டபத்தினுள் செல்வர்.

1948இல் ஆறாம் ஜார்ஜ் மன்னர் கல்லூரிக்கு அரசக் கொடியை வழங்கினார். இளவரசராக இருந்தபோது, 1918இல் அவர் இதே தளத்தில் பணியாற்றியவர்.

பிற்காலம்

1939இல் போர் தொடங்கியதும் கல்லூரி மூடப்பட்டு, அவ்விடம் பறத்தல் பயிற்சிப் பள்ளியாக இயங்கியது. போருக்குப் பின் கல்லூரி மீண்டும் திறக்கப்பட்டது. 1966இல் ஹென்லோவில் இருந்த தொழில்நுட்பக் கல்லூரி இதனுடன் இணைந்தது. பள்ளிப் படிப்பு முடித்தவர்களை நேரடியாகச் சேர்த்துக்கொள்ளும் பழைய முறை 1970களின் தொடக்கத்தில் கைவிடப்பட்டு, பட்டதாரிகளுக்கு முதன்மை தரப்பட்டது. பின்னாளில் மூன்றாம் சார்லஸ் மன்னரான இளவரசர் சார்லஸ் 1971இல் இங்கு ஜெட் விமானியாகப் பயிற்சி பெற்றார்.