கூட்டும் பங்கும் புணையும்

பலர் ஒருங்குகூடி ஒரு வினையை முடித்தலைக் குறிக்குந் தமிழ்ச் சொற்கள் பல. அவற்றுள் கூட்டு, பங்கு, புணை என்னும் மூன்றும் ஈண்டு ஆராயப்படும். இவ்வாராய்ச்சி சைவ நன்மக்களுக்கு எற்றுக்கெனின், கூடுவார் கூடியபின் என்னாவர் என்னும் வினா நம் சித்தாந்தத்தின் நடுநின்ற வினாவாகலின் என்க.

கூடு என்னுந் தன்வினை கூட்டு எனப் பிறவினையாய்ப் பின் பெயருமாயிற்று. கூட்டுதற்குப் பொருள் இரண்டேனும் வேண்டும். ஒன்றே உள்வழிக் கூட்டென்பது இல்லை. பங்கு என்பது பகுக்கப்பட்ட கூறு. புணை என்பது தெப்பத்திற்கும் பிணைக்கும் பொதுப்பெயர். தனித்தனி மிதக்குங் கழிகளை ஒன்றோடொன்று பிணித்தவழித் தெப்பமாம். ஒருவன் கடமைக்கு மற்றொருவன் தன்னைப் பிணித்துக்கொண்டவழிப் பிணையாம். சோழர் காலத்தில் நந்தாவிளக்கொன்றுக்கு 96 ஆடு விட்டு, அவற்றால் நாடோறும் உழக்கு நெய் அளக்கச் செய்தல் பெருவழக்கு. அவ்வாடுகளை ஏற்ற இடையனுக்குப் பிற இடையர் புணைப்படுதலுங் கல்வெட்டுக்களிற் காணப்படும். ஒருவன் தவறினும் விளக்கு அவியாமைப் பொருட்டு ஆன்றோர் கண்ட நெறி இது.

இச்சொற்களின் பொருள் வாழ்க்கையில் நின்றவாற்றைத் தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டுக்கள் இனிது விளக்கும். இராசராசனது 29-ஆம் ஆட்சியாண்டு வரை, அஃதாவது 1014-ஆம் ஆண்டளவும், அக்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்ய அமர்த்தப்பட்ட பிடாரர் 48 பேர். உடுக்கை வாசிப்பார் ஒருவர், கொட்டிமத்தளம் முழக்குவார் ஒருவர். ஆக 50 பேர்க்கும் நாடோறும் தலைக்கு முக்குறுணி நெல் வகுக்கப்பட்டது. கூட்டிப் பார்க்கின் நாளொன்றுக்கு 12 கலமும் 6 குறுணியும் ஆகும். பாடுவார்க்கும் கொட்டுவார்க்கும் அளவு ஒன்றே. ஆயினும் நெல்லனைத்தும் ஒரு குவியலாக ஒரு குழுவின் பெயரால் விடப்பட்டிலது. ஒவ்வொருவர் பெயருந் தனித்தனியே பொறிக்கப்பட்டது. அவருட் பலர்க்குச் சிவன் என முடியும் தீக்கைப் பெயரும் உண்டு.

இனி, அவருள் ஒருவர் இறப்பினும் வேற்றிடம் போகினும் அவ்விடத்தை நிரப்புமாறும் அக்கல்வெட்டிற் கூறப்பட்டது. அணுகிய உறவினர் அந்நெல்லைப் பெற்றுப் பதியம் பாடுக. அவர்க்குத் தகுதி இல்லையாயின், தக்காரொருவரை அவரே அமர்த்துக. அத்தகைய உறவினரும் இல்லையாயின், எஞ்சி நின்ற பிடாரரே தக்காரைத் தெரிந்து நிறுவுக. தெரியப்பட்டவர் முன்னையவர் பெற்றபடியே நெற்பெறுக. இதுவே அதன் கருத்து.

ஈண்டு நுணுகி நோக்கத்தக்கன இரண்டு. பங்கு பணியினின்றும் பிரிக்கப்பட்டிலது; உறவு ஒன்றே பற்றி நெற்பெறுதற்கு இடனில்லை. ஒருவர் இடம் வறிதாயவழி அதனை நிரப்புங் கடமை உடனிருந்தார்மேல் வந்தது. அவர் ஒருவர்க்கொருவர் புணையாயினார் எனினும் அமையும்.

இனி, பிற்காலச் செய்தி ஒன்று. 1904-ஆம் ஆண்டில் இந்நாட்டிற் கடன்சங்கச் சட்டம் பிறந்து, இற்றைத் திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் அவ்வாண்டே சங்கம் ஒன்று தோன்றியது. இத்தகையன தொடக்கத்தில் ஐக்கிய சங்கம் என வழங்கப்பட்டுப் பின்னர்க் கூட்டுறவுச் சங்கம் எனப் பெயர் பெற்றன. இம்மாற்றம் வடசொல்லை விடுத்துத் தென்சொல்லைக் கொண்ட மாத்திரையின் அமைவதன்று, பொருளானும் பொருத்தமுடைத்து. ஐக்கியம் என்பது ஒன்றாய்விடுதல். உயிர் முத்தியிற் சிவத்தோடு நீரொடு நீர்போல் ஒன்றாய்விடும் என்னும் ஐக்கியவாதத்தை உமாபதி சிவனார் 1313-ஆம் ஆண்டில் இயற்றிய சங்கற்ப நிராகரணத்துள் மறுத்தருளினார். நம் கொள்கையோ தாள், தலை என்னும் இரண்டும் புணர்ந்து தாடலை எனச் சொல்லால் ஒன்றாய் நிற்பினும் பொருளால் இரண்டுங் கெடாமைபோல்வது. ஒன்றாதலும் வேறாதலும் உடனாதலும் ஆகிய இம்மூன்றனையும் ஒருங்குணர்த்துவதே அத்துவிதம் என்னுஞ் சொல்.

மக்கள் கூட்டிற்கும் இறைவன் உயிரோடு கூடுங் கூட்டிற்கும் வேற்றுமை பெரிது, அதனை மறுப்பாரில்லை. எனினும், கூடினார் தம் தன்மை இழந்து ஒன்றாய்விடின், தவறியது யார் கடமை என வினவுதற்கு இடமின்றிப்போம். வேறாயே நின்றுவிடின், பிறர் இடம் வறிதாயினும் எனக்கென் என்பார். உடனாய் நிற்பாரே இடர்வந்துழிப் புணையாவர்.

இற்றைநாளில் ஓதுவார் இல்லாக் கோயில்கள் பல. அவ்விடத்தை நிரப்புதல் ஆள்வோர் கடன் என்று வாளாவிருத்தல் சைவர்க்கு அழகன்று. ஊர்தோறும் அன்பர் சிலர் கூடி, சிறுவர் ஒருவரையேனும் பண்ணோடு ஓதப் பயிற்றி, அவர்க்கு வேண்டும் உணவும் பொருளுந் தம்முட் பங்கிட்டு ஏற்பாராயின், தஞ்சைப் பிடாரர்க்கு விதிக்கப்பட்ட அந்நெறி மீளவுந் தழைக்கும். கூட்டென்னுஞ் சொல்லின் பயனும் அதுவே என்க.