பழைய சட்டையும் பசிப்பிணியும்

பழம்பொருள் என்றாலே நம்மவரில் பலருக்கு ஒருவகை அருவருப்பு உண்டு. பிறர் உடுத்துக் கழித்த ஆடையைக் காசு கொடுத்து வாங்குவது வறுமையின் அடையாளம் என்று கருதுவோர் இன்றும் உளர். ஆனால், ஆங்கில நாட்டில் ஓரளவு பெரிய ஊர் எதனை எடுத்துக்கொண்டாலும், அதன் கடைத்தெருவில் பிறர் கொடுத்த பழம்பொருள்களை விற்கும் கடை ஒன்றேனும் இருக்கும். அதனைத் தருமக் கடை என்று நாம் சொல்லலாம். நம் ஊர்ப் பழம்பொருள் வாணிகர் தம் பிழைப்புக்காக வாங்கி விற்கின்றார். தருமக் கடையோ பொருளை விலை கொடுத்து வாங்குவதில்லை. வேண்டாத சட்டையையும், படித்து முடித்த நூலையும், தாத்தா விட்டுச் சென்ற தேநீர்க் கோப்பையையும் மக்கள் தாமாகவே கொண்டுவந்து கொடுக்கின்றனர். ஊதியம் பெறாத தொண்டர் அவற்றைத் தரம் பிரித்து விலைச்சீட்டுக் கட்டுகின்றனர். செலவு போக எஞ்சும் வருவாய் நோயாளிக்கோ, அநாதைக்கோ, பஞ்சத்தில் வாடும் அயல்நாட்டானுக்கோ செல்கின்றது. இத்தகைய கடைகள் அந்நாட்டில் இன்று பத்தாயிரத்துக்கு மேல் உள்ளன.

இக்கடைகளுக்குச் செல்வோர் அனைவரும் தருமம் செய்யச் செல்பவர் அல்லர். மலிவாக ஏதேனும் அகப்படாதா என்று வேட்டைக்குச் செல்பவரே மிகுதி. புதுப்பொருள் விற்கும் கடையில் நாம் தேடியது கிடைக்கும். தருமக் கடையிலோ தேடாதது கிடைக்கும். குடை வாங்கச் சென்றவர் பழைய நிலப்படத் தொகுதியோடு திரும்புவார். இன்று விட்டதை நாளை காண முடியாது. ஏனெனில் அங்கு ஒவ்வொரு பொருளும் ஒன்றே ஒன்று. இந்த வேட்டை இன்பத்தை அற்பம் என்று ஒதுக்குவது எளிது. நான் அவ்வாறு ஒதுக்கமாட்டேன். அந்த அறநிலையங்களின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, இந்த இன்பமே அவற்றை இயக்கிய விசை என்று எனக்குத் தோன்றுகின்றது.

பழந்துணி வாணிகம் இலண்டன் நகருக்குப் புதிதன்று. புதிய துணியின் விலை எட்டாத உயரத்தில் இருந்த காலத்தில், ஏழைகளும் நடுத்தர மக்களும் பிறர் உடுத்த ஆடையையே வாங்கி உடுத்தனர். 1851-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் பெருநூலில் ஹென்றி மேஹ்யூ என்பார், பெட்டிகோட் சந்து என்னும் பகுதியில் நடந்த பழந்துணிச் சந்தையை விரிவாக வருணித்துள்ளார். பையைத் தோளில் சுமந்து, பழந்துணி உண்டோ என்று தெருத்தெருவாகக் கூவிச் சென்ற யூத வாணிகர் பலர். ஆயினும் அவ்வாணிகத்தை ஓர் அச்சமும் இழிவும் தொடர்ந்து வந்தன. 1665-ஆம் ஆண்டுக் கொள்ளைநோயின்போது, நோய் கண்ட வீட்டின் துணியும் படுக்கையும் வெளியே செல்லக்கூடாது என்று நகர ஆட்சியினர் ஆணையிட்டனர். பழந்துணியில் நோய் ஒளிந்திருக்கும் என்னும் எண்ணம் அதன்பிறகும் நெடுங்காலம் மக்கள் மனத்தை விட்டு நீங்கவில்லை.

இந்த இழிவைத் துடைக்க முற்பட்டவருள் இருவரைக் குறிப்பிடவேண்டும். ஒருவர் இரட்சணிய சேனையை நிறுவிய வில்லியம் பூத். 1890-ஆம் ஆண்டில் அவர் எழுதிய நூலில், இலண்டன் வீடுகள் எறியும் பொருள்களைத் திரட்டுதற்கு ஒரு படையே அமைக்கலாம் என்று திட்டம் வகுத்தார். வீடுதோறும் சென்று பொருள் திரட்டுவோர் வேலையும் வீடும் அற்ற மனிதர். அதுவே அவர்களுக்கு வேலை ஆகும். மற்றொருவர் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரில் பணியாற்றிய எட்கர் ஹெல்ம்ஸ் என்னும் பாதிரியார். 1902-ஆம் ஆண்டில் அவர் செல்வர் வாழும் தெருக்களில் பழைய ஆடைகளையும் தட்டுமுட்டுப் பொருள்களையும் சாக்குகளில் திரட்டினார். அவற்றைத் தைக்கவும் பழுதுபார்க்கவும் ஏழைகளையே அமர்த்தினார். செப்பனிட்ட பொருளை இலவசமாக வழங்காமல் சிறுவிலைக்கு விற்று, அவ்வருவாயிலிருந்து அவர்களுக்குக் கூலி கொடுத்தார். குட்வில் என்னும் பேரமைப்பு இதிலிருந்தே வளர்ந்தது.

இலவசமாகக் கொடுத்துவிட்டால் இன்னும் பெரிய தருமம் அன்றோ என்று மாணவர் கேட்கலாம். நான் ஆசிரியனாக இருந்த காலத்தில் கண்ட ஒன்றை இங்கே சொல்லுகின்றேன். ஒரு பள்ளியில் ஆண்டுத் தொடக்கத்தில் பழைய பாடநூல்களைத் திரட்டி, ஏழை மாணவர் பெயரைக் கூப்பிட்டு வழங்கும் வழக்கம் இருந்தது. பெயர் கூப்பிடப்பட்டும் எழுந்து வாராத பிள்ளைகள் இருந்தனர். வந்தவரும் தலைகுனிந்தே வாங்கிச் சென்றனர். வேறொரு பள்ளியில் அதே வகை நூல்களைத் தாழ்வாரத்தில் பரப்பி, விலையில் எட்டில் ஒரு பங்குக்கு விற்றனர். வசதியுள்ள பிள்ளைகளும் இல்லாத பிள்ளைகளும் ஒன்றாக முண்டியடித்தனர். ஒரு சிறுவன் கணக்கு நூலின் மூன்று படிகளை மாறிமாறிப் புரட்டி, மைக்கறை குறைந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் காசைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து நடந்தான். அவன் வாங்கியதும் பழைய நூல்தான். ஆனால் அவன் அதனைத் தேர்ந்தெடுத்தான், இரந்து பெறவில்லை. பாஸ்டன் நகரில் ஹெல்ம்ஸ் சிறுவிலை வைத்ததன் பொருள் அன்று எனக்கு நன்றாக விளங்கிற்று.

ஆங்கில நாட்டில் தருமக் கடை வேரூன்றியது இரண்டாம் உலகப் போரின் காலத்திலேயாகும். 1937-ஆம் ஆண்டிலேயே ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் இத்தகைய சிக்கனக் கடை ஒன்று திறக்கப்பட்டிருந்தது. எனினும், நாடு முழுவதையும் இப்பழக்கத்துக்கு இழுத்துவந்தது பங்கீட்டு முறைதான். 1941-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் ஆடைப் பங்கீடு தொடங்கிற்று. ஆளுக்கு ஆண்டுக்கு 66 கூப்பன்கள். ஆடவர் ஒருவர் முழு உடுப்பு ஒன்று தைத்துக்கொண்டால் அவற்றுள் 26 கூப்பன்கள் தீர்ந்துவிடும். ஆனால் பழந்துணிக்கு விலை வரம்பு மட்டுமே உண்டு; அவ்வரம்புக்குள் விற்றால் கூப்பன் தேவையில்லை. அதுவரை பழந்துணிக் கடை வாயிலை மிதிக்க நாணிய சீமாட்டிகளும் இப்போது அதனை நாடினர். சிக்கனம் நாட்டுப்பற்றின் அடையாளமாக மாறியது. அந்த 1941-ஆம் ஆண்டிலேயே பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கம் தன் முதல் கடையை இலண்டனில் திறந்தது. திறந்த இடம் பழைய பாண்டு தெரு, 17-ஆம் எண் கட்டடம். நகைக்கும் ஓவியத்துக்கும் பெயர்போன செல்வர் தெரு அது. போர் முடிவதற்குள் நாடெங்கும் இருநூறுக்கு மேற்பட்ட நிலையான கடைகளும், ஏறத்தாழ 150 தற்காலிகக் கடைகளும் நடைபெற்றன. அரசாங்க வாணிபத் துறை உரிமம் வழங்கியபோது ஒரு கண்டிப்பான நிபந்தனை விதித்தது. விற்கும் பொருள் அனைத்தும் நன்கொடையாகவே வந்திருத்தல் வேண்டும். வாங்கி விற்றல் கூடாது. இந்த நிபந்தனையை நேயர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகின்றேன்.

இனி, கிரேக்க நாட்டுக்குச் செல்வோம். 1941-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஜெர்மானியப் படைகள் அந்நாட்டைக் கைப்பற்றின. படையெடுத்தோர் உணவைப் பறித்துக்கொண்டனர். பகைவர் கைக்கு எதுவும் போகக்கூடாது என்று பிரிட்டன் கடல்வழியை முற்றுகையிட்டிருந்தது. இரண்டுக்கும் இடையே அகப்பட்ட மக்கள், அவ்வாண்டு குளிர்காலத்தில் ஏதென்ஸ் நகரத் தெருக்களில் பசியால் விழுந்து இறந்தனர். அந்த ஆட்சிக் காலத்தில் பட்டினியால் மாண்டோர் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் என்று கணக்கிடுவர். துருக்கி நாட்டிலிருந்து உணவு ஏற்றிச் சென்ற குர்த்துலுஷ் என்னும் கப்பலும் 1942 ஜனவரியில் மர்மரா கடலில் மூழ்கிற்று.

தம் நாட்டு முற்றுகையும் இப்பட்டினிக்கு ஒரு காரணம் என்பதை ஆங்கிலேயர் சிலர் உணர்ந்தனர். போர் நடக்கும்போது அதனை வெளிப்படையாகச் சொல்வதற்குத் துணிவு வேண்டும். 1942-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள், ஆக்ஸ்போர்டு நகரத்துப் புனித மரியாள் ஆலயத்தின் பழைய நூலக அறையில் அவர்கள் கூடினர். ஆலயத் தலைவர் மில்ஃபோர்டு, கிரேக்க நாடகங்களை மொழிபெயர்த்த பேரறிஞர் கில்பர்ட் மரே, சிசில் ஜாக்சன்-கோல் என்னும் வணிகர் முதலியோர் அக்குழுவில் பணியாற்றினர். பெண்டிருக்கும் குழந்தைகளுக்கும் உணவு செல்ல வழிவிடுக என்று அவர்கள் அரசாங்கத்தை வற்புறுத்தினர். மறுபுறம் நிதியும் துணியும் திரட்டினர். ஆக்ஸ்போர்டு பஞ்ச நிவாரணக் குழு என்பது அதன் பெயர். தந்தி முகவரிக்காகச் சுருக்கிய ஆக்ஸ்ஃபாம் என்னும் சொல்லே 1965-ஆம் ஆண்டில் அதன் முறையான பெயராயிற்று.

போர் முடிந்ததும் இத்தகைய குழுக்கள் பல கலைந்தன. ஆக்ஸ்போர்டுக் குழு கலையவில்லை. கலையாமைக்கு ஜாக்சன்-கோலின் வணிக அறிவு ஒரு முக்கிய காரணம். ஐரோப்பிய அகதிகளுக்காக வேண்டுகோள் விடுத்தபோது துணிமணிகளோடு, அகதிக்குச் சிறிதும் பயன்படாத பொருள்களும் வந்து குவிந்தன. அவற்றைப் பணமாக்க 1947-ஆம் ஆண்டு இறுதியில் பிராடு தெருவில் ஒரு கடை ஏற்பட்டது. அதன் கதவெண்ணும் 17 என்பது ஒரு வேடிக்கையான ஒற்றுமை. 1949-ஆம் ஆண்டில் ஜோ மிட்டி என்பவர் அங்கே பணியில் அமர்ந்தார். குழுவின் சம்பளம் பெற்ற முதல் ஊழியர் அவர். எதனையும் விற்கலாம் என்பது அவர் கொள்கை. பொய்ப்பற்களும், பஞ்சடைத்த விலங்குகளும், ஒரு படகுவீடுங்கூட அவர் கையால் விலைபோயின. கண்காணாத நாட்டின் பசிக்கு ஒரு சில்லிங் கொடு என்று கேட்டால் கை சுருங்கும். அழகிய பூச்சாடி ஒன்று மலிவாகக் கிடைத்தால் அதே கை நீளும். மனித மனத்தின் இந்த இயல்பைக் கண்டு சினங்கொள்ளாமல், அதனைப் பசித்தவனுக்குப் பயன்படச் செய்தவர் மிட்டி. எத்தனையோ தரும போதனைகளை விட அவர் கடை நடத்திய முறை மேலானது என்பேன்.

அந்த நிதியின் பயன் நம் நாட்டையும் எட்டியது. 1951-ஆம் ஆண்டில் பீகாரில் பஞ்சம் தோன்றியபோது ஆக்ஸ்போர்டுக் குழு உதவிக்கு வந்தது. இந்தியாவில் அதன் பணி அவ்வாறு தொடங்கிற்று.

கடைகள் பெருகப் பெருகச் சிக்கல்களும் பெருகின. பழைய நூல்களுக்கென்றே தனிக்கடை 1987-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டில் தோன்றியது. நன்கொடைப் பொருளின் விற்பனைக்கு மதிப்புக் கூட்டு வரி இல்லை. கடைக் கட்டடத்துக்கு உள்ளூர் வரியில் நூற்றுக்கு 80 பங்கு தள்ளுபடி உண்டு. பக்கத்துக் கடைக்காரர் முணுமுணுப்பதில் வியப்பில்லை. பழந்துணி அளவில் அவர் முணுமுணுப்பை நான் பொருட்படுத்தமாட்டேன். ஆனால் தருமக் கடைகள் பல இன்று புதுப்பொருளையும் வாங்கி விற்கின்றன. போர்க்காலத்து வாணிபத் துறை இதனைத்தான் தடுத்தது.

இதனினும் கடினமான வேறொரு சிக்கல் உண்டு. மலிவு வேட்டைக்காரருள் மறுவிற்பனை செய்யும் வாணிகரும் புகுந்துவிட்டனர். காலையில் இங்கே வாங்கியது மாலையில் நாலு மடங்கு விலைக்கு வேறிடத்தில் போகின்றது. அதனைக் கண்ட கடைகள், பொருளின் உண்மை மதிப்பை ஆராய்ந்து விலையை உயர்த்துகின்றன. உயர்த்தினால் தொலைநாட்டுப் பசிக்குக் கூடுதல் பணம் போகும். அதே வேளையில், பள்ளி திறக்குமுன் பிள்ளைக்கு ஒரு மேற்சட்டை தேடி வந்த உள்ளூர்த் தாய் வெறுங்கையோடு திரும்புவாள். அவளும் ஏழை; அவனும் ஏழை. ஒரே விலைச்சீட்டில் இருவருக்கும் நீதி செய்வது எங்ஙனம்? கடை நடத்துவோர் இதற்கு ஒரே விடை காணவில்லை. எனக்கு விருப்பமான வழி, அரிய பொருளைத் தனியே எடுத்து முழு விலைக்கு விற்று, அன்றாட உடையைப் பழைய மலிவிலேயே விட்டுவைப்பது. பல கடைகள் அவ்வாறு செய்கின்றன.

விற்காத துணி எங்கே போகின்றது? ஆக்ஸ்ஃபாம் 1974-ஆம் ஆண்டில் யார்க்க்ஷயரின் ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் அதனைத் தரம் பிரிப்பதற்கென ஒரு நிலையம் அமைத்தது. அதே வட்டாரத்துப் பாட்லி என்னும் ஊரில்தான் 1813-ஆம் ஆண்டில் பெஞ்சமின் லா என்பவர், கந்தல் கம்பளியைக் கிழித்துப் பஞ்சாக்கி மறுபடி நூற்கும் முறையைக் கண்டார். ஆயினும் மேலைநாடுகளில் கழிபடும் துணி அனைத்தையும் அந்நாடுகளே ஏற்க முடிவதில்லை; பெரும்பகுதி கப்பலேறுகின்றது. கானா நாட்டு அக்ரா நகரத்தின் காந்தமாந்தோ சந்தையில் அதனைப் பிரித்துத் தைத்து விற்றுப் பிழைப்போர் பல்லாயிரவர். உடுத்த உதவாதவை அந்நகரின் சாக்கடைகளையும் கடற்கரையையும் அடைக்கின்றன. 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அச்சந்தையின் பெரும்பகுதி தீக்கிரையாயிற்று.

கம்பளித் துணியில் ஒரு பகுதி நம் நாட்டுக்கே வருகின்றது. அரியானா மாநிலத்துப் பானிப்பட்டு நகரில் பெண்கள் தரையில் அமர்ந்து அந்நிய நாட்டு அங்கிகளின் பொத்தான்களை அறுத்து எடுத்து, நிறவாரியாகக் குவிக்கின்றனர். ஆலைகள் அவற்றைக் கிழித்து நூற்று, முரட்டுப் போர்வைகளாக நெய்கின்றன. நிலநடுக்கமும் வெள்ளமும் நேர்ந்த இடங்களில் வழங்குவதற்காக அப்போர்வைகளை நிவாரண நிறுவனங்கள் வாங்கிச் சென்றுள்ளன.