எந்திரம் கேட்கக் கற்ற ஊர்

சத்தம் கேட்டதும் அசையும் எந்திரத்தைச் செய்வது பெரிய வேலை அல்ல. ஒலி ஓர் அளவைத் தாண்டினால் சக்கரம் சுழலட்டும் என்று சிறிய ரோபோ ஒன்றுக்குப் பள்ளிப் பிள்ளையே நிரல் எழுதிவிடலாம். கணினி வருவதற்கு முன்பே, 1920களில், அமெரிக்காவில் ‘ரேடியோ ரெக்ஸ்’ என்ற பொம்மை நாய் விற்பனைக்கு வந்துவிட்டது. அதைக் கூட்டுக்குள் ஒரு மின்காந்தம் பிடித்து வைத்திருக்கும். ‘ரெக்ஸ்’ என்று கூப்பிட்டால், அந்த எகரத்தில் உள்ள ஏறத்தாழ 500 ஹெர்ட்ஸ் அதிர்வு மின்னோட்டத்தைத் துண்டிக்கும். சுருள்வில் தள்ள, நாய் வெளியே பாயும். அதே அதிர்வுள்ள வேறு சொல்லுக்கும் அது பாய்ந்துவிடும் என்பதுதான் சிக்கல். எந்தச் சத்தம் என்று பிரித்தறிவதே கேட்டல். அதை எந்திரம் அடுக்கடுக்காகத் தானே கற்றுக்கொள்ள முடியும் என்று காட்டிய பெருமை ரொறன்ரோவுக்கே உரியது என்பேன்.

1952இல் பெல் ஆய்வகத்தின் ‘ஆட்ரி’ எண்களைக் கேட்டறிந்தது. ஆள் மாறினால் அதையும் மாற்றியமைக்க வேண்டும். 1970களிலிருந்து புள்ளியியல் முறைகள் ஆண்டன. 1987இல் ரொறன்ரோ பல்கலைக்கழகத்துக்கு வந்த ஜெஃப்ரி ஹின்டன், மூளை நரம்புகளின் பாணியில் கணினியில் அமைக்கும், பலர் கைவிட்ட நரம்பு வலையமைப்பை விடாமல் பிடித்திருந்தார். 2009இல் அங்கே ஆய்வு மாணவர்களாயிருந்த அப்தெல்-ரஹ்மான் முகமதுவும் ஜார்ஜ் டாலும் அவரோடு சேர்ந்து, பேச்சை 25 மில்லிவினாடித் துண்டுகளாக்கிப் பல அடுக்கு வலையமைப்புக்குக் கொடுத்தார்கள். ‘டிமிட்’ ஒலித்தொகுப்பில் ஒலியன்களை அறிவதில் பிழை 23 விழுக்காடாக இறங்கியது. இத்தகைய வலையமைப்பு 1980களிலேயே பேச்சுக்குப் பயன்பட்டதே என்று கேட்கலாம். பயன்பட்டது, ஆனால் அப்போது அடுக்குகள் குறைவு, நடைமுறையில் பழைய முறையை அது அசைக்கவில்லை. பெருநிறுவனங்களின் பணமும் கணினிகளுமே வென்றன என்ற வாதத்திலும் பாதி உண்மை உண்டு. ஆனால் கூகுளுக்கும் மைக்ரோசொஃப்டுக்கும் இந்த வழியை எடுத்துச் சென்றவர்களில் ரொறன்ரோ மாணவர்கள் முன்னணியில் இருந்தார்கள். 2012இல் இம்முறையின் வெற்றியை அறிவித்த கட்டுரையை, அவ்விரு நிறுவனங்களின் ஆய்வாளர்களும் ஐபிஎம் ஆய்வாளர்களும் ரொறன்ரோ ஆய்வாளர்களும் சேர்ந்தே எழுதினர்.

இந்த வரலாற்றில் தமிழர்களான நமக்கு ஒரு பங்கு பாக்கி இருக்கிறது. டிமிட்டில் பேசிய 630 பேரும் அமெரிக்க ஆங்கிலம் பேசியவர்கள். கற்பித்த குரலைத்தான் எந்திரம் நன்றாகக் கேட்கும். யாழ்ப்பாணத்துப் பேச்சும் மட்டக்களப்புப் பேச்சும் ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதி வீடுகளில் இன்னும் புழங்குகின்றன. அதே ஸ்காபரோவின் பல்கலைக்கழக வளாகத்தில் தமிழ் இருக்கையும் அமைந்திருக்கிறது. முதியவர்களின் பேச்சை, அவர்கள் சம்மதத்தோடு, எழுத்துப்படியும் சேர்த்துப் பதிந்து வைக்கும் வேலையை ரொறன்ரோத் தமிழர்கள் இப்போதே தொடங்க வேண்டும்.