வேட்டையும் நிலத்தார் இசைவும்: ஒரு சட்டத் தொடரின் வரலாறு

தில்லி மோதி பாக் குடியிருப்புக்கு வடக்கே, சாணக்கியபுரியை ஒட்டிய குன்றுக்காட்டில் மால்ச்சா மகால் என்னும் கற்கட்டடம் உள்ளது. கி.பி. 1351 முதல் 1388 வரை ஆண்ட பிரோஸ் ஷா துக்ளக்கின் வேட்டை மாளிகைகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது. அரசர் வேட்டையாடும் நிலம் பாரசீகத்தில் 'ஷிகார்கா' எனப்பட்டது. 'ஷிகார்' வேட்டையையும் 'கா' இடத்தையும் குறிக்கும். நிலத்தார் இசைவு என்னும் கருத்துக்கு இச்சொல்லில் இடமில்லை.

அக்கருத்து பிற்காலச் சட்டமொழியில் இடம்பெற்றது. 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 441-ஆம் பிரிவு, பிறர் நிலத்தில் தீய நோக்குடன் அத்துமீறி நுழைவதைக் குற்றமாக்கியது. அப்பிரிவு நிலத்தின் உரிமையாளரை அன்றி, அதனை உடைமையில் வைத்திருப்பவரையே முன்னிறுத்தியது என்பது குறிப்பிடத்தக்கது. 2024 சூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதா இச்சட்டத்தின் இடத்தைப் பெற்றுள்ளது.

1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கெனத் தனி விதி வகுத்தது. அட்டவணையில் குறித்த சில விலங்குகளை வேட்டையாட அதன் முதல் வடிவம் உரிமம் வழங்கியது. எனினும் உரிமம் மட்டும் போதாது. அரசுக்குச் சொந்தமல்லாத நிலத்தில் வேட்டையாட உரிமையாளர், அவருடைய முகவர், நிலத்தைச் சட்டப்படி அனுபவித்து வருபவர் ஆகியோருள் ஒருவரின் இசைவும் வேண்டும் என 17-ஆம் பிரிவு விதித்தது.

இவ்விடத்தில் மொழிபெயர்ப்பாளர் இரு வேறுபாடுகளைக் கருத வேண்டும். முதலாவது, உரிமம் அரசு அளிப்பது. இசைவு தனியார் தருவது. இரண்டையும் 'அனுமதி' என்னும் ஒரே சொல்லால் பெயர்த்தால், அரசின் உரிமம் பெற்றவர் எவருடைய வயலிலும் புகலாம் என்னும் தவறான பொருள் தோன்றும். இரண்டாவது, மூவரையும் 'நிலச் சொந்தக்காரர்' என்று சுருக்கினால் குத்தகைக்கு உழுபவர் விடுபடுவார். வேட்டையாடுவோரின் காலடியில் மிதிபடுவது அவருடைய பயிர். அவருடைய சொல்லுக்கும் சட்டம் தந்த மதிப்பு, மொழிபெயர்ப்பில் பறிபோய்விடும்.

1991-ஆம் ஆண்டுத் திருத்தம் வேட்டை உரிமங்களை ஒழித்தது. 17-ஆம் பிரிவும் நீக்கப்பட்டது. அதன் பின்னர் அட்டவணை விலங்கைத் தம் சொந்த நிலத்திலும் ஒருவர் தம் விருப்பப்படி வேட்டையாட இயலாது. பிறருக்கு இசைவளித்தலும் பொருளற்றதாயிற்று. உயிருக்கோ உடைமைக்கோ ஆபத்து விளைவிக்கும் விலங்குகள் குறித்து 11-ஆம் பிரிவின் விதிவிலக்கு நிலைத்துள்ளது. அதில் 'எந்த நிலத்திலும் உள்ள பயிர்' உடைமையுள் அடங்கும். 'அரசுக்குச் சொந்தமல்லாத நிலம்' என்ற பழைய பாகுபாடு இங்கு இல்லை. பயிரை இழந்த உழவர் நாட வேண்டியது, தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவரால் அதிகாரமளிக்கப்பட்ட அலுவலரோ காரணம் காட்டி எழுத்தில் பிறப்பிக்கும் ஆணையையே.

ஆகவே உரிமம், இசைவு, ஆணை ஆகிய மூன்றும் ஒருபொருட் பன்மொழி அல்ல. முடிவு செய்யும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதை ஒவ்வொன்றும் காட்டுகிறது. 1972-க்கும் 1991-க்கும் இடைப்பட்ட தீர்ப்புகளையும் ஆவணங்களையும் தமிழாக்குவோர் இம்மூன்றையும் வேறுபடுத்தி வழங்குதல் இன்றியமையாதது.