ஒளியால் வரும் தோல்நோய்

உயிர்களைக் காக்கும் கதிரவன் ஒளியே நோய்க்கும் காரணமாகுமோ? இவ்வினாவுக்கு விடை கண்ட வரலாற்றைச் சுருக்கமாகக் கூற விரும்புகிறேன்.

ஜெர்மனியின் மியூனிக் நகரில், பேராசிரியர் டாப்பைனரிடம் பயின்ற ஆஸ்கார் ராப் என்னும் மாணவர், அக்ரிடின் என்ற வேதிப்பொருள் கலந்த நீரில் பாரமீசியம் என்னும் நுண்ணுயிர்களை விட்டு ஆராய்ந்தார். ஒளி பட்டபோது அவை விரைவில் மடிந்தன; இருளிலோ நெடுநேரம் பிழைத்திருந்தன. பொருளும் ஒளியும் கூடியே அவற்றைக் கொன்றன என்பதை 1900-இல் அவர் வெளியிட்டார்.

மனித உடலிலும் இவ்வாறு நிகழுமோ? 1912-இல் பிரெடரிக் மேயர்-பெட்ஸ் என்னும் ஜெர்மானிய மருத்துவர், குருதியின் செந்நிறப் பொருளிலிருந்து பெறப்படும் ஹெமட்டோபார்ஃபிரினில் 200 மில்லிகிராம் அளவைத் தம் இரத்தக் குழாயிலேயே செலுத்திக்கொண்டார். வெயில் பட்ட முகமும் கைகளும் பெரிதும் வீங்கின. ஆடை மூடிய பகுதிகளுக்கோ தீங்கில்லை. அத்துன்பம் நீங்கப் பல வாரங்கள் ஆயின.

போர்ஃபிரின் உடலில் மிகுந்தோர் வெயிலில் படும் வேதனையின் காரணம் இதனால் விளங்கலாயிற்று. பிற்காலத்தில், ஒளியையும் மருந்தையும் கூட்டிச் சில புற்றுநோய்களைப் போக்கும் முறையும் இந்நெறியிலேயே எழுந்தது. தீங்கின் காரணத்தை அறிந்தால் அதனையே மருந்தாக்கலாம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?