தும்மலில் பிறந்த பாண்ட் மெட்டு

டிரினிடாட் தீவின் இந்தியர் ஒருவர் பாடுவதற்காகப் போட்ட மெட்டுதான் கடைசியில் ஜேம்ஸ் பாண்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

கரும்புத் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து அங்கே போனவர்களின் வம்சத்துக் கதை வி.எஸ்.நைபாலின் 'எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்'. 1961-இல் வெளிவந்த நாவல். கதாநாயகன் பிறந்ததும் பண்டிதர் வந்து பலன் சொல்கிறார்: இந்தப் பிள்ளையின் தும்மல் ஆகாத தும்மல். சகுனம் பார்க்கும் நம் வீடுகளுக்கு இது புதிதா என்ன! இந்த நாவலை இசை நாடகமாக்க முயன்றவர்களில் ஒருவர், லண்டன் யூதக் குடும்பத்தில் பிறந்த மான்டி நார்மன். அந்தத் தும்மலை வைத்தே 'குட் சைன், பேட் சைன்' என்று சிதார் சாயலில் ஒரு பாட்டுப் போட்டார். நாடகம் மேடை ஏறவில்லை. மெட்டு இழுப்பறையில் கிடந்தது.

1962-இல் 'டாக்டர் நோ' என்ற ஜேம்ஸ் பாண்ட் படத்துக்கு அவரையே இசையமைக்க அழைத்தார்கள். ஜமைக்காவுக்குப் போய் அந்த ஊர்ப் பாணியில் பாடல்கள் போட்டார். நாயகனுக்கான அடையாள இசைதான் அமையவில்லை. அப்போதுதான் பழைய மெட்டு நினைவுக்கு வந்தது. நீண்டு ஒலித்த ஸ்வரங்களைத் துண்டு துண்டாக உடைத்து, கிடாருக்கு ஏற்றபடி மாற்றினார்.

தயாரிப்பாளர்களுக்கு அதுவும் போதவில்லை. அந்த மெட்டை இசைக்கோவையாக்க 28 வயது ஜான் பேரியைக் கூப்பிட்டார்கள். சம்பளம் 250 பவுண்டு. படத்தை அவர் பார்க்கவே இல்லை.

அந்த இசையின் அடியில் ஓடுகிற நான்கு ஸ்வரங்களைக் கவனியுங்கள். பஞ்சமத்தில் தொடங்கி, சுத்த தைவதம், சதுச்ருதி தைவதம் என்று அரை அரை ஸ்வரமாக ஏறி, மறுபடி சுத்த தைவதத்துக்கு இறங்குகிறது. திரும்பத் திரும்ப இதுவேதான். எங்கேயும் நிலைகொள்ளாத அந்த ஊசலாட்டத்தில்தான் ஆபத்தின் வாசனை இருக்கிறது. அதன்மேல் கிடார். 1962 ஜூன் 21 அன்று லண்டனில் நடந்த ஒலிப்பதிவில் அதை வாசித்தவர் விக் ஃப்ளிக். தடித்த கீழ்த்தந்திகளை அழுத்தமான மீட்டுகோலால் ஓங்கி அடித்து, தாளத்துக்கு ஒரு மயிரிழை முந்தி வாசித்தார். யாரோ நம்மை நோக்கி விரைந்து வருவதுபோல் தோன்றுவது அந்த முந்தலால்தான். பிறகு பித்தளைக் குழல்கள் வெடிக்கின்றன. ஜாஸ் இசைக்குழுவிலிருந்து பேரி கொண்டுவந்த ஆவேசம் அது.

படத்தின் பெயர்ப் பட்டியலில் இசை நார்மனுடையது. பேரிக்குக் கிடைத்தது வாசித்த குழுவின் தலைவர் என்ற இடம் மட்டுமே. அந்த ஒப்பந்தத்துக்குச் சம்மதித்தவரும் அவரே. அதன் பலனாக அடுத்து வந்தவற்றில் 11 பாண்ட் படங்களுக்கு இசையமைத்தார். நார்மன் அந்த வரிசைக்குத் திரும்பவே இல்லை. ஆனால், பாண்ட் மெட்டின் உரிமைத்தொகை மட்டும் அவருக்கு வந்துகொண்டே இருந்தது.

1997-இல் 'சண்டே டைம்ஸ்' வாரப் பத்திரிகை, அசல் கர்த்தா பேரிதான் என்று எழுதியது. நார்மன் அவதூறு வழக்குப் போட்டார். 2001-இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் பேரியே எதிர்த்தரப்புச் சாட்சியாக வந்தார். ஜூரிகள் நார்மன் பக்கம் நின்றார்கள். 30,000 பவுண்டு நஷ்டஈடு கிடைத்தது.

தீர்ப்பில் குறை சொல்ல இடமில்லை. தும்மல் பாட்டைக் கேட்டால் மெட்டு நார்மனுடையது என்று யாருக்கும் விளங்கும். ஆனால், அதை உளவாளியாக மாற்றியது பேரியின் இசைக்கோவையும் ஃப்ளிக்கின் விரல்களும். மெட்டுப் போட்டவருக்கு மட்டும் உரிமை, அதற்கு உயிர் கொடுத்தவருக்கு ஒரு நாள் கூலி என்ற ஏற்பாடு எந்த நாட்டில் நடந்தாலும் நியாயமில்லை. மூன்று பெயர்களும் சேர்ந்தே இருக்க வேண்டிய இசை அது.

அடுத்த வாரம்: ஐந்து எண்ணிக்கைத் தாளத்தில் லாலோ ஷிஃப்ரின் பற்றவைத்த திரி, 'மிஷன் இம்பாசிபிள்'.