ஸ்பிரிங்பாக் மானும் சர்க்கார் ஜாமீனும்

ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்கோடியில் 1934-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதியன்று பிறந்த தென்னாப்பிரிக்க விமான ஸ்தாபனம், 2019-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதியன்று கடன்காரர்களுக்கு அஞ்சிச் சட்டத்தின் பாதுகாப்பை நாட நேர்ந்தபோது, அதன் வீழ்ச்சிக்குக் காரணம் கூறியவர்களில் பெரும்பாலோர் அதற்கு முந்திய பத்தாண்டுகளின் சீர்கேட்டையே சுட்டிக் காட்டினர். சீர்கேடு நிகழ்ந்தது மெய்யே. நீதிமன்றமே அதைக் குறித்துத் தீர்ப்பு எழுதியிருக்கிறது. ஆயினும், எண்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்த ஒரு ஸ்தாபனத்தின் நோயை அதன் கடைசிப் பத்தாண்டுகளில் மட்டும் தேடுவது, பழுத்து விழுந்த மரத்துக்குக் கடைசியாக அடித்த காற்றைக் குறை சொல்வதற்கு ஒப்பாகும் என்பது என் அபிப்பிராயம். நஷ்டம் வந்தால் அது யார் தலையில் விழும் என்ற கேள்விக்கு இந்த ஸ்தாபனம் தன் வாழ்நாளில் ஒருமுறையேனும் தானாக விடை சொல்ல வேண்டியிருந்ததா என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

இதன் முன்னோடி, அலிஸ்டர் மில்லர் என்ற விமானி போர்ட் எலிசபெத் நகரில் 1929-இல் தொடங்கிய யூனியன் ஏர்வேஸ் என்னும் தனியார் கம்பெனி. ஜிப்ஸி மாத் என்ற சிறு விமானங்கள் ஐந்தை வைத்துக்கொண்டு, சர்க்கார் மானியத்தின் உதவியால் தபால் பைகளைச் சுமந்து வந்த அந்தக் கம்பெனி, அடுத்தடுத்து நேர்ந்த விபத்துகளாலும் பணமுடையாலும் நடக்க இயலாமற் போகவே, சர்க்கார் அதன் விமானங்களையும் சுமார் 40 ஊழியர்களையும் ஏற்றுக்கொண்டது. ஆகவே, லாபத்தை நாடியன்று, விழுந்ததைத் தூக்கி நிறுத்தும் பொருட்டே இந்த ஸ்தாபனம் உருவாயிற்று. அதை ஒப்படைத்த இடமும் கவனிக்கத்தக்கது. ரயில்வேக்களையும் துறைமுகங்களையும் ஆண்டு வந்த இலாகாவின் கீழ் மூன்றாவது பிள்ளையாக விமானம் சேர்க்கப்பட்டது. நிலக்கரியும் தானியமும் சுமக்கும் ரயில்களின் வருமானத்துக்குப் பக்கத்தில், ஆகாய மார்க்கத்தின் வரவும் செலவும் ஒரு சிறு பத்தியாகவே நெடுங்காலம் இருந்தன. 1990-இல் டிரான்ஸ்நெட் என்ற பெயரால் அவ்விலாகா சர்க்கார் கம்பெனியாக மாறிய பிறகும், 2006 வரை விமான ஸ்தாபனம் அதன் மடியிலேயே கிடந்தது.

இரண்டாம் மகாயுத்தம் ஓய்ந்த 1945-இல் இங்கிலாந்துக்கு 'ஸ்பிரிங்பாக் சர்வீஸ்' என்ற பெயரில் நீண்டதூர மார்க்கம் திறந்தது. துள்ளி ஓடும் தென்னாப்பிரிக்க மானான ஸ்பிரிங்பாக் விமானத்தின் வால்பகுதியில் சின்னமாயிற்று. 1957-இல் மொரீஷியஸ், கோகோஸ் தீவுகள் வழியாக ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரை எட்டும் மார்க்கம் ஏற்பட்டது. 1960-இல் போயிங் 707 வந்து சேர்ந்தது. இவை எல்லா நாடுகளின் விமான சரித்திரத்திலும் காணக்கூடிய படிகளே. விசேஷம் இதற்குப் பின்புதான் தொடங்குகிறது.

1963-ஆம் ஆண்டு மே மாதம் அடிஸ் அபாபாவில் கூடிய சுதந்திர ஆப்பிரிக்க ராஜ்யங்களின் தலைவர்கள், நிறவெறி ஆட்சி நடத்தும் தென்னாப்பிரிக்காவின் விமானங்களுக்குத் தங்கள் வானத்தை மூடுமாறு தீர்மானித்தனர். அவ்வாண்டு ஆகஸ்டு முதல், ஜோஹானஸ்பர்க்கிலிருந்து ஐரோப்பா செல்லும் விமானம் நேர் வடக்கே பறக்கும் உரிமையை இழந்து, கண்டத்தின் மேற்குப் புடைப்பைக் கடல்வழியே சுற்றிக்கொண்டு, அந்நாளில் போர்ச்சுக்கீசியர் வசமிருந்த லுவாண்டாவிலோ, சால் தீவிலோ, ஸ்பானியரின் லாஸ் பால்மாஸிலோ இறங்கி எண்ணெய் நிரப்பிச் செல்ல வேண்டியதாயிற்று. 1975-இல் சுதந்திரம் பெற்ற கேப் வெர்டே, மற்ற ஆப்பிரிக்க நாடுகளின் மனக்கசப்பையும் பொருட்படுத்தாமல், சால் தீவில் இறங்க இவ்விமானங்களைத் தொடர்ந்து அனுமதித்தது. அந்த வறண்ட தீவுகளுக்கு விமான நிலைய வருமானம் அத்தனை அவசியமாயிருந்தது. கொள்கையும் கஜானாவும் எதிரெதிரே நின்றால் எது வழிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்தச் சுற்றுவழி, எந்த விமானத்தை வாங்குவது என்பதையும் நிர்ணயித்தது. ஜோஹானஸ்பர்க் விமான நிலையம் கடல் மட்டத்துக்குச் சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் அமைந்திருப்பதால், அங்கே காற்று லேசு; லேசான காற்றில் இறக்கைகளுக்குத் தூக்கும் சக்தியும் எஞ்சினுக்கு உந்தும் சக்தியும் குறைகின்றன; முழு எண்ணெயும் முழுப் பிரயாணிகளுமாக எழும்புவது வெயில் நாட்களில் பெரும்பாடு. ஆகவே, போயிங் 747-இன் உடலை 14 மீட்டருக்கு மேல் குறுக்கித் தூரத்துக்கென்றே செய்த எஸ்.பி. என்ற வகையில் ஆறு விமானங்களை இந்த ஸ்தாபனம் வாங்கிற்று. அவற்றுள் முதலாவது, 1976 மார்ச்சில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணத்திலிருந்து கேப்டவுனுக்கு எங்கும் இறங்காமல் 16,560 கிலோமீட்டர் பறந்து ஏற்படுத்திய சாதனை 1989 வரை முறியடிக்கப்படவில்லை. நிபுணத்துவம் மெச்சத்தக்கதுதான். ஆனால் அந்த எண்ணெய்ச் செலவும் அத்தனை பெரிய விமானங்களும் எதற்காக? வியாபாரத்துக்காக அன்று, ஒரு ராஜ்யத்தின் அரசியலுக்கு ஸ்தாபனம் செலுத்திய கப்பம் அது. கப்பத்தை ராஜ்யமே மறைமுகமாக ஈடு செய்தபடியால், அதைக் கணக்கில் தனியாகக் காண்பிக்க வேண்டிய அவசியம் ஒருவருக்கும் தோன்றவில்லை. உள்நாட்டில் முக்கிய மார்க்கங்களில் போட்டியாளர் இல்லாததும் அந்த ஈட்டில் ஒரு பகுதியே.

1986-இல் ஜனாதிபதி ரீகனின் தடையையும் மீறி அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டத்தால் அந்நாட்டில் இறங்கும் உரிமையும் பறிபோயிற்று. பின்னர், 1991-இல், மூடிய கதவுகள் பலவும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் திறந்தன. நியூயார்க் மார்க்கம் மீண்டது. ஆப்பிரிக்க வானம் திறந்தது. அதே ஆண்டில் உள்நாட்டு வானமும் போட்டிக்குத் திறக்கப்பட்டது. 1995 ஜூன் 24-இல் ஜோஹானஸ்பர்க் எல்லிஸ் பார்க் மைதானத்தின் தலைக்குமேல் தாழப் பறந்த இந்த ஸ்தாபனத்தின் 747, உலகக் கோப்பை ரக்பி இறுதிப் பந்தயம் காண வந்த ஜனத்திரளைப் பரவசப்படுத்தியது. 1997-இல் மானின் உருவம் நீங்கிப் புதிய தேசியக் கொடியின் வர்ணங்கள் வாலில் ஏறின. சின்னம் மாறிய வேகத்தில் சுபாவம் மாறவில்லை. பிரயாண ஏஜெண்டுகளுக்கு ஊக்கத்தொகை கொடுத்துப் போட்டியாளரை ஒதுக்கிய பழைய ஏகபோக வழக்கத்துக்காக, காம்எயர் என்ற தனியார் கம்பெனிக்கு 110 கோடி ராண்ட் தர 2019-இல் உடன்பட வேண்டி வந்தது.

லாபம் காணவேண்டும் என்ற கட்டளை கடைசியாகப் பிறந்தபோது, அதை நிறைவேற்ற 1998-இல் அமெரிக்காவிலிருந்து கோல்மன் ஆண்ட்ரூஸ் என்ற நிர்வாகி வரவழைக்கப்பட்டார். விமானங்களை விற்று, வாடகைக்கு எடுத்து ஓட்டிய அவருடைய முறை கணக்கில் லாபத்தைக் காட்டியது. சொந்த வீட்டை விற்ற பணத்தை அவ்வருஷத்து வருமானமாக எழுதிக்கொள்வதில் யாருக்கும் சிரமம் இராது. 1999-இல் 20 சதவிகிதப் பங்கை 140 கோடி ராண்டுக்கு வாங்கிய ஸ்விஸ்எயர் இரண்டே ஆண்டில் தானே திவாலாகிவிட, அப்பங்கு மலிவு விலைக்குச் சர்க்காரிடமே திரும்பி வந்தது.

அடுத்து நேர்ந்தது விசித்திரமான நஷ்டம். 2001 டிசம்பரில் ஒரு டாலருக்கு 13 ராண்டுக்கு மேல் கொடுக்கவேண்டிய அளவுக்கு நாணய மதிப்பு சரிந்ததைக் கண்டு நடுங்கிய நிர்வாகம், இனியும் சரியும் என்று கருதி, வருங்காலத்தில் வாங்கவேண்டிய டாலருக்கு முன்கூட்டியே விலை பேசி ஒப்பந்தம் செய்துகொண்டது. நாணயமோ மீண்டெழுந்து, 2004-இல் டாலருக்கு ஏழு ராண்டுக்கும் கீழே வந்து நின்றது. விமானம் ஒன்றும் விழாமல், பிரயாணி ஒருவரும் குறையாமல், காகித ஒப்பந்தங்களால் மட்டும் சுமார் 600 கோடி ராண்ட் கரைந்தது. இதே காலத்தில், போயிங்குக்குப் பதிலாக ஏர்பஸ்ஸிடமிருந்து வாங்கிச் சேர்த்த, நான்கு எஞ்சின் கொண்ட ஏ340 ரகத்தின் மீது எண்ணெய் விலை ஏற்றமும் வந்து விழுந்தது. இரண்டு எஞ்சின் விமானங்கள் அதே தூரத்தைக் குறைந்த எண்ணெயில் பறக்கத் தொடங்கிவிட்ட காலம் அது. சுற்றுவழி நாட்களில் வேரூன்றிய நான்கு எஞ்சின் ஆசை, சுற்றுவழி தேவைப்படாத நாட்களிலும் விடவில்லையோ என்று எண்ணத் தோன்றுகிறது. 2015-இல் பம்பாய், பீகிங் மார்க்கங்கள் நஷ்டம் என்று கைவிடப்பட்டன. நிறவெறியை எதிர்த்து 1946-லேயே வர்த்தக உறவை முறித்துக்கொண்ட நம் நாட்டுக்கு, அந்த ஆட்சி ஒழிந்த பிறகு கிடைத்த நேர்வழி இவ்வாறு அபுதாபியைச் சுற்றும் வழியாயிற்று.

2012-இல் சர்க்கார் 500 கோடி ராண்டுக்கு ஜாமீன் நின்றது. அதே ஆண்டில் அத்யக்ஷர் ஷெரில் கரோலஸும் வேறு ஏழு டைரக்டர்களும் ராஜினாமா செய்தனர். அத்யக்ஷ பீடத்துக்கு வந்த டூடு மியேனியின் காலத்தில், எமிரேட்ஸ் நிறுவனத்துடன் கையெழுத்தாகவிருந்த உடன்படிக்கை 2015-இல் தடைப்பட்டது. விமானங்களை இடைத்தரகர் ஒருவர் மூலம் குத்தகைக்கு எடுக்கும் யோசனையை ஏற்க மறுத்த நிதிமந்திரி நெனே அதே ஆண்டு டிசம்பரில் பதவி நீக்கப்பட்டார். விமானிகள் சங்கமும் ஒரு பொதுநல அமைப்பும் தொடுத்த வழக்கில், மியேனி வாழ்நாள் முழுவதும் டைரக்டர் பதவிக்குத் தகுதியற்றவர் என்று 2020 மே மாதம் ஹைகோர்ட்டு தீர்ப்பளித்தது. ஆனால் எனக்கு அந்தத் தீர்ப்பைவிட முக்கியமாகத் தோன்றுவது கணக்குப் புத்தகத்தைப் பற்றிய ஒரு செய்தி. 2017-18, 2018-19 ஆகிய ஆண்டுகளின் வரவுசெலவு அறிக்கைகளை ஸ்தாபனத்தால் உரிய காலத்தில் வெளியிட இயலவில்லை. ஸ்தாபனம் தொடர்ந்து நடக்கத்தக்கது என்று டைரக்டர்கள் உறுதி கூறவேண்டும். சர்க்கார் மேலும் பணம் தரும் என்ற வாக்கு கையில் இல்லாமல் அவர்கள் எப்படி உறுதி கூறுவார்கள்? அதற்குள்ளாகவே, 2017 ஜூன் இறுதியில் ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு வங்கி கடன் தவணையை நீட்டிக்க மறுத்ததால், சர்க்கார் கஜானா 220 கோடி ராண்டுக்கு மேல் எடுத்துக் கொடுத்திருந்தது. விமானங்கள் வாடகை, கட்டடங்கள் பழசு; சர்க்கார் ஜாமீன் ஒன்றே இந்த ஸ்தாபனத்தின் மெய்யான ஆஸ்தியாக மிஞ்சியிருந்தது.

2019 நவம்பரில் 944 பேரை வேலையினின்றும் நீக்கப்போவதாக அறிவித்த கையோடு வெடித்த வேலைநிறுத்தம் ஒரு வாரத்தில் முடிந்தது. எஞ்சியிருந்த கையிருப்பையும் அது தின்றுவிட்டது. மூன்று மாதங்களில் கொள்ளைநோயும் வந்தது. மீட்புத் திட்டத்துக்கென 2020 அக்டோபரில் சர்க்கார் ஒதுக்கிய தொகை 1,050 கோடி ராண்ட். நாலாயிரத்துக்கு மேற்பட்டிருந்த ஊழியர் தொகை ஆயிரத்தின் அளவுக்குச் சுருங்கியது. 2021 செப்டம்பர் 23-இல் ஜோஹானஸ்பர்க்கிலிருந்து கேப்டவுனுக்கு விமானம் மீண்டும் எழும்பியது.

51 சதவிகிதப் பங்கை டகாட்ஸோ என்ற தனியார் கூட்டுக்கு விற்பதாக 2021 ஜூனில் அறிவித்த பேரம், மூன்று ஆண்டுகள் நெருங்க இழுபட்டு, 2024 மார்ச்சில் முறிந்தது. முழு உடைமையும் சர்க்காரிடமே தங்கிற்று. அடுத்த மாதமே, 1957-இல் தீவு தீவாக இறங்கிச் சென்ற அதே பெர்த் மார்க்கத்தில் இந்த ஸ்தாபனத்தின் விமானம் மறுபடியும் பறக்கத் தொடங்கியது.